வாலில்லாமல் வந்த கரும்பறவை

பறவைக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்: பறவை வாயைத் திறக்காவிட்டாலும் வாடிக்கையாளர் சும்மா இருக்க மாட்டார். வியட்நாமில், சைகோனில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ‘பென் தான்’ என்ற பெரிய சந்தையருகே ஒரு காரைக்கால்காரர் கடையில் நான் வேலை பார்த்தேன்.

குயிலா, மைனாவா?

மலைக்காட்டுப் பக்கமிருந்து பறவை பிடித்து வருபவன் பளபளவென்று ஒரு கறுப்புப் பறவையைக் கொண்டுவந்தான். வெயில் பட்டால் நீலம் மின்னும். கூடையில் சிக்குகிறதென்று வாலைப் பிடுங்கிவிட்டிருந்தான். முதலாளி மலை மைனா என்று சொல்லி வாழைப்பழம் வைத்தார். மைனாவுக்குக் கன்னத்தில் மஞ்சள் சதை இருக்கும், இதற்கு இல்லை. பழத்தைத் தொடவும் இல்லை.

மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த ஒரு செட்டியார் அதன் சிவந்த கண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "குயில்தான்யா. ஊரு நிலவரம் தெரிஞ்சு வாயை மூடிக்கிட்டிருக்கு."

சண்டைக்காரச் சாப்பாடு

மறுநாளும் அது பட்டினி. செத்தால் தூக்கிப் போடு என்றார் முதலாளி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இது இன்னதென்று தெரியாமல் சாக விடுவதில்லை என்று கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அலகின் அடியில் மீசை மாதிரி விறைப்பான முடிகள். பக்கத்தில் பறந்த ஈயை டக்கென்று கவ்வியது. இது பழம் தின்னும் ஜாதியே இல்லை!

சந்தை வாசலில் ஓர் அம்மாள், பையன்கள் சண்டை விட்டு விளையாடுவதற்குச் சுவர்க்கோழிப் பூச்சி விற்பாள். ஒவ்வொன்றின் வீரத்தையும் சொல்லித்தான் விலை சொல்வாள். தோற்ற பூச்சி இருந்தால் மலிவாகக் கொடுங்கள் என்று கேட்டேன். "தோற்றதையெல்லாம் நாங்களே வறுத்துத் தின்றுவிட்டோம்" என்றாள். ஜெயித்தவற்றையே வாங்கிக்கொண்டு போனேன். பறவை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

வால் வந்தது

தீனி சேரச் சேர வால் முளைத்தது. ஓரத்தில் இரண்டு இறகுகள் மட்டும் கம்பி போல் நீண்டு, நுனியில் துடுப்பு விரித்தன. துடுப்புவால் கரிச்சான்! நம் ஊரில் எருமை மேல் உட்காருமே இரட்டைவால் குருவி, அதற்குக் காட்டுப் பங்காளி. தேனிப் பக்கத்து மலைக்காட்டில் இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாலோடு வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். அதற்குள் கடையிலிருந்த மற்ற பறவைகளின் குரலையெல்லாம் அது பழகிவிட்டது, முதலாளியின் இருமல் உட்பட. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் ஆளாக வந்த பணக்கார அம்மாள் வெகுநேரம் ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் கூண்டு சின்னது. வாலைப் பிடுங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்."

விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். முதலாளி பறவையின் விலையை என் கணக்கில் எழுதிவிட்டார்.

ஆகவே கூட்டாளிகளே, விற்க வேண்டிய பறவை இன்னதென்று ரொம்பத் தோண்டிப் பார்க்காதீர்கள், அப்புறம் அது உங்கள் சம்பளத்தில்தான் சாப்பிடும்.