தையல்கடையில் மாட்டிய கடைசி அத்தியாயம்

என் தங்கை வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். யாரையும் நம்பமாட்டார். வேறு மெக்கானிக் பழுது பார்த்த லிஃப்ட் என்றால் ஏழு மாடியும் படியேறிப் போவார். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பைத்தியம்: விருது வாங்கிய பழைய அறிவியல் நாவல்கள். ஒரு காலத்தில் பரிசு வாங்கி, அப்புறம் மறுபதிப்பே வராமல் போனவை. பழைய பேப்பர் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலிப்பார். கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பார். கடைசித் தாள் இல்லாததைக் கொடுத்துக் கடைக்காரன் நம் தலையில் மிளகாய் அரைத்துவிடுவானாம். அதனால் முடிவு தெரியாமல் அவர் ஒரு நாவலையும் படித்ததில்லை.

ஒருநாள் தங்கை அவருடைய சட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"இதைப் பாருண்ணா."

காலரில் சிவப்பு நூல். கைப்பக்கம் தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்பீஸ் தூள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா புத்தகம் தேடுறேன்னு கிளம்பிடுறாரு. புத்தகம் வரல. நூலுதான் வருது."

லிஃப்டில் ஏது நூல்? நெருப்பில்லாமல் புகையாது என்றேன். தங்கை அழுதாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த ஞாயிறு இருவரும் பின்னாலேயே போனோம். சந்துக்கோடியில் ஒரு தையல்கடைக்குள் நுழைந்தார். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. வேறு சாட்சி எதற்கு? ஒரே இழுப்பில் தூக்கினேன்.

உள்ளே தையல்காரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி பக்கத்தில், முக்காலியில் நம் ஆள், கையில் புத்தகம்.

"யாருங்க இவங்க?" என்று தங்கை கத்தினாள்.

"புத்தகத்துக்குச் சொந்தக்காரங்க" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது.

பல வருஷமாக அவர் தேடிய நாவலாம். தையல்காரம்மாவின் அப்பா வைத்திருந்தது. முன்பு யாரோ ஒருவன் வேறொரு புத்தகத்தை இரவல் வாங்கிக் கம்பி நீட்டிவிட்டதால் அந்த அம்மா இதை விற்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். இங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். போதாததற்குப் புத்தகத்தின் தையலைப் பிரித்துக் கடைசி அத்தியாயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். போட்டுப் பார்க்க வராதவர்களின் சட்டைக்கு அவர் கடைசிப் பட்டன் தைப்பதில்லை. அதே சட்டம்தான் இதற்கும்: நேரில் வந்து மற்றதை முடித்தால்தான் கடைசி அத்தியாயம்.

"இதை என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள் தங்கை.

"சொன்னா நம்பியிருப்பியா?"

தையல்காரம்மா புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். "குடும்பத்தோட வந்து கடையில சண்டை போடுறீங்க. இனிமே யாரும் இந்தப் பக்கம் வராதீங்க."

"கடைசி அத்தியாயம் மட்டும்தாம்மா பாக்கி" என்று கெஞ்சினார். அந்த அம்மா அசையவில்லை.

"முதல் தடவையா முடிவு தெரியாம படிச்சேன் மச்சான். சோறு இறங்கல" என்றார் என்னிடம். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நான் சந்தேகப்பட்டது தப்பா? நூல் நூல்தானே!

இரண்டு நாள் கழித்து நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, வெளியே போயிருந்த தங்கை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். கையில் வளையலைக் காணோம். கடைசி அத்தியாயத்துக்காக அதைத் தையல்காரம்மாவிடம் ஈடு வைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

அவர் ஆசையாகக் கையை நீட்டினார்.

"இருங்க. இது கதையா காதல் கடுதாசியான்னு முதல்ல நான் பாக்கணும்."

சமையலறை வாசலில் நின்றே படித்தாள். கேஸ் பில்லைத் தவிர எதையும் படிக்காதவள். அடுப்பில் பால் பொங்கியது. அவர்தான் ஓடிப்போய் அணைத்தார். கடைசித் தாள் வந்ததும் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு? அந்த விண்கலம் திரும்பி வருதா?"

"ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்தக்கா வரச் சொல்லிட்டாங்க. நான் முதல்லேருந்து படிக்கணும். முடிக்கிற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் என் காதருகே வந்தார்.

"மச்சான், கதையில நிஜமாவே அழுகை வருதா, இல்ல என்னைக் கூடவே இருந்து கண்காணிக்க இவ போடுற நாடகமா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.