ஹொயிஸ்டுக்குப் போட்ட சட்டை

என் வீட்டுக்காரருக்குப் புதுச் சாமான் எதுவானாலும் அதன் பொலித்தீன் உறையைப் பிரிக்க மனம் வராது. கட்டாரில் லொறி ஓட்டிய காலத்தில் லீவுக்கு வரும்போதெல்லாம் வாங்கிப்போட்ட சாமான்கள் அத்தனையும் எங்கள் வீட்டில் உறையோடுதான் இருந்தன. சோபாவில் உட்கார்ந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். வெயில் நாட்களில் எழுந்தால் சேலையோடு பொலித்தீனும் சேர்ந்து எழும். வருகிறவர்கள் நாசூக்காகப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொள்வார்கள்.

கட்டார் உழைப்பையெல்லாம் கொட்டி, கடுகண்ணாவையில் மெயின் ரோட்டோரமாக வாகனம் கழுவும் இடம் ஒன்றைத் திறந்தார். அங்கே உயிர்நாடி, வண்டியை மேலே தூக்கி நிறுத்தும் ஹொயிஸ்ட்தான். தேயிலைத் தோட்டத்து மண் ரோடுகளில் ஓடிவரும் வேன்களுக்கு அடிப்பாகத்தில்தானே சேறு? ஹொயிஸ்ட் போனால் தொழில் போச்சு. தொழில் போனால் மனிதர் மறுபடியும் பாஸ்போட்டைத் தூசி தட்ட வேண்டும். எனக்கு அந்த ஒரு பயம்தான்.

ஹொயிஸ்டைப் பொருத்திப் பூட்ட வந்தவர் அதன் இரண்டு தூண்களிலும் சுற்றியிருந்த பொலித்தீனைக் கிழிக்கப் போனார். இவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"அத அப்படியே விடுங்க தம்பி. நாள் முழுக்கத் தண்ணி அடிக்கிற இடம். இரும்பு நனையக்கூடாதில்ல?"

அது போதாதென்று கண்டிக்குப் போய் இன்னும் கனமான பொலித்தீன் வாங்கிவந்து, தூண்களின் அடிவரைக்கும் சுற்றி டேப் ஒட்டினார்.

"ஒரு மழைக்கோட்டும் தச்சுப் போட்டுவிடுங்களேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யார்கிட்ட தைக்கக் குடுக்கலாம்?" என்று கேட்டார்.

மழைக்காலம் ஒன்று போனது. ஒருநாள் காலையில் தூணின் அடியிலிருந்து செம்பழுப்பாகச் சாயத் தண்ணீர் மாதிரி ஏதோ கசிந்து தரையில் ஓடியிருந்தது. இவர் தரையைத் தேய்த்துக் கழுவினார். மறுநாளும் கசிந்தது. மறுபடியும் தரையைத்தான் கழுவினார். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தேன். என்னமோ அவருடைய சட்டையையே கிழித்த மாதிரி நின்றார்.

உள்ளே ஒரே ஈரம். மேலே இடைவெளியால் இறங்கிய சவர்க்காரத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கியிருந்தது. தூண் நெடுகத் துரு. தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் அது பொருக்காகக் கட்டியிருந்தது. கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"திரும்பப் போக வேண்டியதுதான் போல" என்றார் மெல்ல. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மத்தியானமே ஹொயிஸ்டைப் பூட்டியவர் வந்தார். தூண்களைத் தட்டிப் பார்த்தார், போல்ட் ஒவ்வொன்றிலும் ஸ்பானரைப் போட்டுத் திருகினார். நாங்கள் இருவரும் அவர் பின்னாலேயே சுற்றினோம்.

"துரு மேலாகத்தாண்ணே. இரும்பு நல்லா இருக்கு. ரெண்டு போல்ட்ட மட்டும் மாத்துவோம். நனையிறது பரவாயில்ல, ஆனா காயணும். காத்துப் படுற மாதிரி விடுங்க."

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பூச்சு அடித்து, அதற்குமேல் பெயின்ட் அடித்தார்கள். இப்போது கடை மூடும்போது நல்ல தண்ணீரால் சவர்க்காரத்தை அலசிவிட்டு, தூண்களைத் துவாயால் துடைத்து, போல்ட்டுகளுக்குக் கிறீஸ் பூசுவது இவர் வேலை. வீட்டில் சாப்பிட்ட பீங்கானைக்கூடத் துடைத்தறியாத மனிதர், ஹொயிஸ்டின் இடுக்கெல்லாம் விரல்விட்டுத் துடைக்கிறார்.

பெயின்ட் அடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் நேரே குசினிக்குப் போய்க் கத்தியோடு வந்தார். சோபாவின் பொலித்தீனை நீளமாகக் கிழித்தார்.

"என்னங்க, திடீர்னு?"

"லீவுக்கு வர்றப்ப எல்லாம் புதுசாவே இருக்கணும்னு நெனச்சேன்" என்றார். "இனி நான் லீவுக்கு வர்ற ஆள் இல்லையே."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சோபா சத்தமே போடவில்லை. அதே சூட்டோடு டிவி ரிமோட்டின் உறையையும் பிரிக்கக் கை நீட்டினேன்.

"அது இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.