அண்ணாரிடம் சொல்லாமல் விட்டது

எங்கள் அண்ணார் சிவபதம் அடைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. கருமத்தம்பட்டியில் பிறந்து, கொடுமுடியில் தங்கியிருந்த சாமியார் ஒருவரிடம் யோகாசனம் பயின்று, போத்தனூரில் ரயில்வேக்காரர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தவர். நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டுமாம். எனக்கு அப்படி எழுத வராது.

முப்பது வயதில், தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கையில் வடம் அறுந்து அவருடைய இடது முழங்காலில் அடித்தது. அந்தக் கால் பிறகு மடங்கவேயில்லை. "உக்கார முடியாதவன் மத்தவங்களை உக்காரச் சொல்றனே அம்மணி, இது அடுக்குமா?" என்று வகுப்புக்குக் கிளம்பும் முன் என்னிடம் கேட்பார். "காப்பி ஆறுதுங்கண்ணா, குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்பேன்.

ஒரு சமயம் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதமாகியும் பத்மாசனத்தில் அத்தனை பேரும் இடது காலை நீட்டியே உட்கார்ந்தார்கள். கேட்டால் சங்கடப்படுவார்களே என்று அண்ணாரும் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருவரிடம், "ஏனுங்க, மடக்குனா வலிக்குதுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

"வலியெல்லாம் இல்லீங்க. வாத்தியார் நீட்டியிருக்கறப்ப நாங்க மடக்குனா மரியாதையா இருக்காதுங்களே."

இதை அவர் வந்து சொன்னதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணார் சிரிக்கவில்லை. "மூணு மாசமா என்ற நொண்டியத்தான் கத்துக் குடுத்துப்போட்டேன்" என்றார். ஒரு வாரம் வகுப்புக்கே போகவில்லை. பிறகு போய், காலை மடக்கச் சொல்லித் திருத்தினார். ஆனால் சந்தேகம் அவரை விடவில்லை. நெஞ்சுச் சளியில் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களிலும், "பாவம்னு நெனச்சுத்தான் வந்தாங்களோ?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

காரியத்தன்று வந்த மாணாக்கர் ஒருவர், "வாத்தியாராலதானுங்க என்ற இடுப்பு வலி போச்சு" என்று அழுதார். அப்படியே இன்னும் நாலைந்து பேர். "அவருகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். "மூஞ்சிக்கு நேரா எப்படீங்க புகழறது?" என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசிவரை வந்து பார்த்த வைத்தியருக்கும், பாடை சுமந்த மாணாக்கர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக் கடன்பட்டிருக்கிறது. அன்று உங்கள் மேல் கோபப்பட்டதற்கு மன்னியுங்கள். அந்தக் கோபம் என் மேல்தான் வந்திருக்க வேண்டும். கணவரை இழந்து, மூச்சிரைப்போடு அண்ணார் வீட்டுக்கு வந்தவள் நான். அவர் பழக்கிவிட்ட மூச்சுப் பயிற்சியால்தான் எழுந்து நடமாடினேன். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் அவரிடம் சொன்னதில்லை.