ஒன்பது மணி நிகழ்ச்சி

மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் நாக்கு நுனியில் துருவின் ருசி படும். எனக்கு முன்னால் அதில் பேசியவர்கள் விட்டுப்போன வெற்றிலை வாடையும், மரக்காணத்து உப்பளங்களின் மேல் தவழ்ந்து வரும் காற்றின் கரிப்பும் அதோடு சேர்ந்துகொள்ள, கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து 'கொர்ர்' என்று கிளம்பும் இரைச்சல் அடங்கும்வரை பொறுத்திருந்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்குவேன். வேலியில் துணி உலர்த்துகிறவர்கள் கையை நிறுத்துவார்கள்; வலை பிரிக்கிறவர்கள் தலையைத் தூக்குவார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

அந்த மைக் செட் என் அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாவுடையது. மீன் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் பேட்டரியை வைத்து, மேலே 'கொழா' என்று நாங்கள் சொல்லும் அந்தக் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, மாமா மிதித்துக்கொண்டு போவார். பேட்டரியின் பக்கத்தில் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, கால்களைத் தொங்கப்போட்டபடி நான் உட்கார்ந்திருப்பேன். மாமாவுக்குக் கரகரத்த தொண்டை, எனக்குக் கணீரென்ற குரல். அதனால் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் அறிவிப்பு என்னுடையதாகிவிட்டது.

அதில் பெரும்பாதி வேலை சங்கத்துக்காகத்தான். ஒரு புயலுக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் யாரோ முன்வந்து, எங்கள் ஊர்க் கடலோரத்து மணல்மேட்டில் ஓடு வேய்ந்த கூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதை நடத்துவதற்கென்று அமைந்தது அந்தச் சங்கம். புகையில்லா அடுப்பு போடக் கற்றுத்தருவார்கள், மாடுகளுக்கு ஊசி போடுவார்கள், மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், விழும் பூச்சியைப் பற்றித் திரைகட்டிப் படம் காட்டுவார்கள், பொங்கலுக்குக் கட்டுமரப் போட்டி வைப்பார்கள். நோட்டீஸைப் படிக்கக்கூடியவர்கள் குறைவாக இருந்த அந்தக் கரையில், எது நடக்கப்போகிறது என்றாலும் கொழா வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். "மைக்குல சொல்லிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அது நடந்தே தீரும் என்று பொருள்.

கூடத்தின் சாவி ஜெயராமனிடம் இருந்தது. அவர்தான் சங்கச் செயலாளர். ஊர்த்தெருவில் மாடி வைத்த வீடு, மல்லாட்டை வியாபாரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. நாங்கள் காலனியில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்குப் போனார்கள். கூடம் எல்லோருக்கும் பொது என்று நான்தான் மைக்கில் சொல்வேன். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் உள்ளே போனால் பின்வரிசையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்தான் உட்கார முடியும். அப்படி உட்காரவேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருடம் தையல் பயிற்சி வந்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வந்து கற்றுத்தருவார், முடித்தால் சான்றிதழ் உண்டு, விருப்பமுள்ள பெண்கள் அனைவரும் சேரலாம் என்று நான் அறிவித்தேன். அதைக் கேட்டுத்தான் என் அக்கா தேவகி சேர்ந்தாள். அவள் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்துப்போயிருந்தது. எங்கள் தெருவிலிருந்து அவளோடு போன மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுவிட, இவள் மட்டும் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கக் கற்றாள், பட்டி மடிக்கக் கற்றாள், கடைசியில் ரவிக்கை வெட்டுவதுவரை வந்துவிட்டாள்.

அப்போதுதான் கத்திரிக்கோல் காணாமல் போனது. துணி வெட்டுகிற பெரிய கத்திரி, கறுப்புக் கைப்பிடி போட்டது, கூடத்துக்கே அது ஒன்றுதான். ஜெயராமன் வந்து கதவைச் சாத்தினார். அத்தனை பெண்கள் இருக்க, தேவகியை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி, பையைக் கொட்டச் சொன்னார், புடவை மடிப்பை உதறச் சொன்னார். ஒன்றும் விழவில்லை. அதோடு விடாமல், ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நான் வாசலில் சிந்திக் கிடந்த அரிசியைப் பார்த்தபடி நின்றேன். அவர் போகும்போது, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இதுக்குத்தான் காலனிப் பொண்ணுங்கள சேத்துக்க வாணாம்னு அப்பவே சொன்னேன்."

அக்கா மறுபடி உப்பளத்துக்குப் போனாள். ரோட்டில் நடந்தால் பையன்கள் இரண்டு விரலை விரித்து மூடிக் காட்டி, "கத்திரி, கத்திரி" என்றார்கள். வானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் காதுக்கும் இது எட்டி, பையனுக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாமாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. அவள் பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், பஸ் நிறுத்தத்தில் அம்மாவைப் பார்த்த தையல் டீச்சர், கத்திரி கிடைத்துவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னாராம். ஜெயராமனின் மனைவி பிள்ளைக்குச் சட்டை வெட்ட அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டுத் தையல் மெஷின் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. கிடைத்ததும் சத்தமில்லாமல் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அம்மா வேலைக்குப் போகாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஜெயராமன் வீட்டு வாசலில் போய் நின்றாள். கோபமாக எதுவும் பேசவில்லை. பொண்ணு திருடவில்லை என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வாழவேண்டியவள் என்றாள். அவர் ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"கெடச்சிடுச்சில்ல, அப்புறம் இன்னா? இதப்போய் மைக் வெச்சா சொல்லிக்கினு இருப்பாங்க? போம்மா, போயி வேலையப் பாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்குள் என்ன நடந்தது என்று இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எனக்குக் கோபம் என்றால் கத்துவது, காலை உதைப்பது. அன்றைக்கு வந்த கோபத்துக்குச் சத்தமே இல்லை. சோறு தின்னும்போதும் அது இருந்தது, கணக்குப் போடும்போதும் இருந்தது. அவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவர் வீட்டு வேலியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் சேற்றை அப்பினேன். எதுவும் போதவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்துவிடலாம், சட்டையைத் துவைத்துவிடலாம். துவைத்தாலும் போகாத ஒன்றை அவர்மேல் பூச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே திரிந்தேன். வழியை அவர் வாயாலேயே சொல்லியிருந்தார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அந்தச் சமயத்தில் சங்கம் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்றை ஏற்பாடு செய்தது. ஞாயிற்றுக்கிழமை முகாம், சனிக்கிழமை சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் அறிவிக்கச் சொல்லி மாமாவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, டாக்டர்களை அழைத்துவர ஜெயராமன் விழுப்புரம் போய்விட்டார். சைக்கிள் ஊரைத் தாண்டியதும், என் மனதில் இருந்ததை மாமாவிடம் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார். சங்கத்து வேலை போனால் அவர் பாடு எவ்வளவு பேஜாராகும் என்று எனக்கும் தெரியும். சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி பீடி ஒன்றைப் பற்றவைத்துப் பாதிவரை இழுத்துவிட்டு, கீழே போட்டு மிதித்தார்.

"சொல்றதுன்னா தெளிவா சொல்லு. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு வாட்டி சொல்லு" என்றார்.

சொன்னேன். "அன்பார்ந்த பொதுமக்களே, நாளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நமது சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடைபெறும். அதற்கு முன்பாக, சரியாக ஒன்பது மணிக்கு, தையல் பயிற்சியில் காணாமல் போன கத்திரிக்கோல் தமது வீட்டிலேயே கிடைத்துவிட்ட விவரத்தைச் சங்கச் செயலாளர் திரு. ஜெயராமன் அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் அறிவித்து, பொய்ப்பழி சுமத்தப்பட்ட தேவகியிடம் மன்னிப்புக் கேட்பார். அனைவரும் திரளாக வருகை தந்து நிகழ்ச்சியைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." ஊருக்கு ஊர் என் குரல் ஏறியதே தவிர இறங்கவில்லை. உப்பள வரப்புகளில் சொன்னேன், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் சொன்னேன், ஊர்த்தெருவில், ஜெயராமன் வீட்டுக்கு நேர் எதிரில் சைக்கிளை நிறுத்தச் சொல்லி மூன்றாவது முறையும் சொன்னேன். ஜன்னலில் அவர் மனைவியின் முகம் தெரிந்து மறைந்தது.

மறுநாள் கூடத்தைச் சுற்றி வந்து நின்ற கூட்டத்தை அந்த மணல்மேடு அதற்கு முன் கண்டதில்லை. கண் தெரியாத கிழவர்களைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர்கள், தலையில் கூடையோடு மீன்காரப் பெண்கள், கழுவெளி ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தவர்கள். விழுப்புரத்திலேயே தங்கிவிட்டு, டாக்டர்களோடு நேராகக் கூடத்துக்கு வேனில் வந்து இறங்கிய ஜெயராமன், எல்லாம் முகாமுக்கு வந்த கூட்டம் என்று நினைத்துக் கும்பிட்டுச் சிரித்தபடி நடந்தார். ஒரு மீன்காரப் பெண் வழியை மறித்து, ஒன்பது மணி நிகழ்ச்சியை எப்போது ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் விளக்கினார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது என்றார் அவர். மைக்கில் சொன்னார்களே என்றது கூட்டம். முகாமுக்கு வரிசையில் வாருங்கள் என்று அவர் கத்திப் பார்த்தார், ஒருவரும் நகரவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று அவரையே கேட்டார்.

ஜெயராமன் பாய்ந்து வந்து மாமாவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். எல்லாம் பொய் என்று சொல்லத்தான் பிடுங்கினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மைக் அவர் கைக்குப் போனதும் கூட்டம் மொத்தமும் அடங்கிவிட்டது. எதிரில் தையல் டீச்சர் நின்றார். தையல் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"கத்திரி கெடச்சிடுச்சி" என்றார்.

"எங்க கெடச்சிது?" என்று அம்மா கேட்டாள்.

அவர் கீழே பார்த்துக்கொண்டே, "எங்க வூட்ல" என்றார். "தெரியாம சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு எடுக்கல."

மைக்கைக் கீழே வைக்கப் போனார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவகி முன்னால் வந்தாள். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவள், கூட்டத்தின் சத்தம் காலனிவரை கேட்டதால் எழுந்து வந்திருக்கிறாள். மாதக்கணக்காகப் பேசாதிருந்தவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் இன்னொரு முறை சொன்னார். அந்த முகம் கறுத்துச் சுருங்கியதைப் பார்க்கும்படி முன்வரிசையில் நின்றிருந்தேன் நான். மனிதர்கள் திருவிழா, தித்திப்பு, புதுத்துணி என்று எதையெல்லாமோ தம் சிறுவயதின் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த முகம்தான்.

அதற்குப் பிறகு சங்கத்து வேலை மாமாவுக்கு வரவில்லை. மரக்காணத்திலிருந்து வேறு செட்டைக் கொண்டுவந்தார்கள். ஜெயராமன் பல காலம் செயலாளராகவே இருந்தார், ஆனால் மேடையேறி மைக்கைத் தொட்டால் போதும், பின்னாலிருந்து எவனாவது, "பின்னால கேக்கல" என்பான், கூட்டம் சிரிக்கும். வானூர்க்காரர்கள் மறுபடி பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஒரு பேச்சுக்குப் பயந்து ஓடியவர்கள் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அக்கா. டீச்சர் துணையோடு விழுப்புரம் போய்த் தொழிலை முழுதாகக் கற்றுக்கொண்டு, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு, சொந்தமாகக் கடையும் வைத்தாள்.

போன மாசியில் ஒரு துக்கத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். கூடம் நின்ற மேட்டைக் கடல் தின்றுவிட்டது. மாமா இல்லை, மூன்று சக்கர சைக்கிள் இல்லை, உப்பள வரப்பில் நின்று காதுகொடுத்துக் கேட்கிறவர்களும் இல்லை. எந்த முகாம் எப்போது என்பதெல்லாம் இப்போது போனில் வந்துவிடுகிறது. திண்டிவனம் பஸ்ஸுக்காக நிழற்குடையில் நின்றபோது, உள்ளே பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த கிழவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ ஏழுமலையோட அக்கா பொண்ணு தான?"

ஆமாம் என்றேன்.

"ஒரு கத்திரிக்கோலுக்காவ என்ன ஊரு முன்னால நிக்க வெச்சிட்டியேம்மா" என்றார்.

"கத்திரிக்கோலுக்காவ இல்லீங்க" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் தடியை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தார். இரக்கம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.