ஸ்பிரிட் உலர்வதற்குள் தெரிந்த வண்டு

1970களின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தபோது நடந்தது. ஊருக்கு வெளியே கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்த களிக்கல்லில், கல்லாகிப்போன பழங்கால இலைத் தடங்களுக்கு நடுவே எறும்பளவு வண்டு ஒன்று பதிந்திருந்தது. சின்ன வயதுச் சட்டையை மாட்டிக்கொண்டவர் மாதிரி, இறக்கை ஓடு பாதி முதுகோடு நின்று, வயிறு முழுக்க வெளியே. ரோவ் வண்டு என்று பெயர். இதன் உறவுக்கூட்டம் இன்றும் கோவளம் கடற்கரையில், அழுகும் பாசிக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

துறைத் தலைவர் பூதக்கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை பார்த்தார். "போன மழைக்குச் சேத்துல மாட்டினதுப்பா இது. கோவளத்து வண்டு இல்லே, வேற இனம்னு காட்டு, மெட்ராஸ்ல நிபுணர்களுக்கு அனுப்பறேன். இல்லேன்னா சனிக்கிழமை அலமாரியோட சேர்ந்து கல்லும் காலி." எங்கள் துறையில் குறித்த நாளில் நடந்த ஒரே வேலை அலமாரியைக் காலி செய்வதுதான்.

முறைப்படி செய்தேன். கெடாமலிருக்க ஸ்பிரிட் புட்டியில் போட்டு வைத்திருந்த கோவளத்து வண்டுகளின் நீளத்தை அளந்தேன். கல்லில் இருந்த வண்டு அவை எல்லாவற்றையும்விடக் குட்டை. புது இனம்! சக விரிவுரையாளரான நண்பருக்கு ரவா தோசையே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தோசையைத் தின்றும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. வெள்ளிக்கிழமை காலை என்னைக் கோவளத்துக்கு இழுத்துப் போனார். பாசியைப் புரட்டினோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா சார், மீனை வுட்டுட்டுப் பூச்சி புடிச்சுகினு கீறீங்க?" என்று சிரித்தார். நண்பர் கையிலிருந்த கண்ணாடிக் குழாயையே பார்த்தார். உள்ளே ஓடிய வண்டு வயிற்றை நீட்டியது. குழாயைத் தட்டியதும் ஆர்மோனியத் துருத்தி போலச் சுருக்கிக்கொண்டது.

"யோவ், உன் புது இனம் நீளுது, சுருங்குதுய்யா! ஸ்பிரிட்ல ஊறினதெல்லாம் நீண்டுதான் கிடக்கும். அதைப் போயி அளந்திருக்கே!"

என் அளவெல்லாம் பாழ். இனி நீளாத, சுருங்காத ஓடுகளைத்தான் ஒப்பிட வேண்டும். மத்தியானமே கல்லூரிக்குத் திரும்பினோம். கோவளத்து வண்டுகள் அத்தனையிலும் இறக்கை ஓடு, தலைக்குப் பின்னாலிருக்கும் மார்புத் தகட்டைவிட நீளம். கல்லில்? உலர்ந்த கல்லில் ஓட்டின் விளிம்பு அளக்கிற அளவுக்குத் தெளிவாக இல்லை. நண்பர் அதன்மேல் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டார்.

அடடா, அந்தக் காட்சி! நுண்ணோக்கிக்குள் கல் கறுத்து, விளிம்பு, கால், உணர்கொம்பு எல்லாம் சட்டென்று எழுந்து வந்தன. அளப்பதற்குள் உலர்ந்து மறைந்தன.

"விடுய்யா இன்னொரு சொட்டு!"

"விட்டாச்சு, அள, அள!"

இறக்கை ஓடு மார்புத் தகட்டில் முக்கால்கூட இல்லை! வேறு இனமேதான்! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் செய்முறைத் தேர்வே நின்றுபோனது.

துறைத் தலைவர் அதட்டத்தான் வந்தார். குனிந்தார், பார்த்தார், பார்க்கும்போதே உலர்ந்துவிட்டது. நிமிராமலே, "இன்னொரு சொட்டு விடுங்கப்பா" என்றார். திங்கட்கிழமை கல் மெட்ராஸுக்குப் போனது.

அதன்பிறகு எத்தனையோ காரியங்களை முறைப்படி முடித்து, முறைப்படி ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் தலைவர் உள்ளே வரும்வரை, இப்படியொரு வண்டு இந்தப் பூமியில் வாழ்ந்தது என்ற செய்தி உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது என்று நினைத்தால், இன்றும் என்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.