ஒரே கார்டு, ஒரே கட்டில்

முந்தாநாள் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து, வடக்குப்பட்டு அறையில் அப்போதுதான் படுத்திருந்தேன். காலை ஷிப்டுக்குக் கிளம்பிய இசக்கியப்பன் ஒரகடம் சாலையில் லாரி மோதி இறந்துவிட்டான். எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில். மெத்தையில் அவன் படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது.

தென்காசிக்காரன். கார் கம்பெனி லைனில் கதவு மாட்டுபவன். கதவை வரைகிற டிசைன் பிரிவுக்குப் போக ஆசைப்பட்டான். அதற்கான தேர்வு அடுத்த வாரம். வரையும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். நாங்கள் சேர்ந்து வாங்கிய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் என் படிப்புக்கான லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அதை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. லினக்ஸுக்குள்ளேயே, கணினிக்குள் கணினியாக, ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கி, அதில் விண்டோஸ் போட்டு, இருந்த ஒரே கார்டை அதற்குக் கொடுக்கப் பார்த்தான். பல நாள் திரை கறுத்தே கிடந்தது.

“இன்னாடா, கரண்ட் பில் ஏத்தத்தானா இது கீது?” என்பேன்.

“பொறுலே. ஒத்தக் கட்டில்ல மாறி மாறித் தூங்குதோம்லா? கார்டும் அப்படித்தான். ஒருத்தன் எந்திரிச்சாத்தான் அடுத்தவன் படுக்க முடியும்.”

போன ஞாயிறு திரையில் விண்டோஸ் வந்தது. அன்றே ஒரு கார் கதவு வரைந்தான்.

சாமான்களை எடுக்க இன்று அவன் தங்கை கவியா வந்தாள். “அண்ணன் என்னத்த வரஞ்சான்?” என்று கேட்டாள். திறந்து காட்டினேன். மௌஸை நகர்த்தினாள், கதவு மெல்லச் சுழன்றது. விண்டோஸை மூடியதும் திரை கறுத்துவிட்டது. கார்டை லினக்ஸுக்குத் திருப்பித் தரும் கட்டளையை அவன் எழுதி முடித்திருக்கவில்லை.