இரைச்சல் ஒன்று

அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று தஞ்சாவூர் மருத்துவர் சொன்னபோது அறுவைக்கு ஒன்பது நாள் இருந்தது. அதன்பின் குரல் வராது. என்னைத் தூங்கவைக்க அவளே கட்டிப் பாடிய பாட்டை அதற்குள் பதிந்துவிட நினைத்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வங்கிப் படிவமானாலும் பட்டா மனுவானாலும் என் கைக்குத்தான் வரும். எந்த மென்பொருள் நல்லது என்று யாரிடமும் கேட்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர். அவரிடமும் கேட்கவில்லை.

இரண்டை இறக்கிப் பார்த்தேன். ஒன்று, எப்படி வெட்டி ஒட்டினாலும் மூலப் பதிவைத் தொடாது. ஆனால் திரை முழுக்கக் கோடுகளும் குமிழ்களுமாக இருந்தது, புரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், பழைய மாதிரி என்று ஒதுக்கினேன். மற்றது ஒரே பொத்தானில் இரைச்சலை நீக்கும், சுருதியைச் சரிசெய்யும். அதையே எடுத்துக்கொண்டேன்.

இரைச்சல் எது என்று அதற்கு முதலில் காட்ட வேண்டும். யாரும் பேசாமல் சில நொடி அறையின் சத்தத்தை மட்டும் பதிய வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தினேன். வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பாடவாடி?" என்றாள் அம்மா.

"இரும்மா. பேசாத."

"இன்னும் நாலு நாள்ல பேசாமத்தான இருக்கப் போறேன். இப்பவேவா?"

"அம்மா, கொஞ்சம் வாய மூடேன்."

எங்கள் பேச்சு விழுந்து அந்த இரைச்சல் பதிவு கெட்டுவிட்டது என்று மறுபடி எடுத்தேன். பிறகு பாடினாள். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நடுவில் இருமினாள். நிறுத்தாமல் முடித்தாள்.

அறுவை முடிந்து மருத்துவமனையில் காத்திருந்த நாட்களில் அதைச் சரிசெய்தேன். தொண்டையின் கரகரப்பையும் இரைச்சலோடு சேர்த்துத் துடைத்தது மென்பொருள். உடைந்த இடங்களைச் சுருதியில் நிறுத்தினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். பழைய பதிவின் மேலேயே எழுதிவிட்டது.

வீடு திரும்பியதும் அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். கடைசி வரை கேட்டாள். மடிக்கணினியைக் காட்டி, உள்ளங்கையை விரித்துத் திருப்பினாள். யார்?

"நீதாம்மா."

இல்லையென்று தலையாட்டினாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அந்தத் தலையாட்டலுக்கு மேல் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மூலப் பதிவை எங்கெங்கோ தேடினேன். கிடைத்தது 'இரைச்சல்-1' என்ற கோப்புதான், கெட்டுப்போனதென்று நான் தள்ளியது. அதைப் போட்டேன். மோட்டார் சத்தம் கேட்டது, பிறகு 'பாடவாடி?' என்ற அவள் குரல். அம்மா சட்டென்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இன்னொரு தடவை போடு என்று கையசைத்தாள்.

போட்டேன். இப்போதும் அவள் கேட்கும்போதெல்லாம் போடுகிறேன். சில நொடிதான், அதில் பாட்டு இல்லை. ஒவ்வொரு முறையும் அவளை வாயை மூடச் சொல்லும் என் குரலோடு அது முடிகிறது.